பெயின்ட் துணுக்கு யாருடையது?

1983 ஜூனில் சாலஞ்சர் விண்கலம் பூமிக்குத் திரும்பியபோது அதன் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்னக் குழி. அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தார்கள். டைட்டானியம் ஆக்ஸைடு. அதாவது பெயின்ட்! ஏதோ ராக்கெட்டிலோ செயற்கைக்கோளிலோ உரிந்த ஒரு துணுக்கு. சிரிக்காதீர்கள். அங்கே மோதல் வேகம் விநாடிக்குப் பத்து கிலோமீட்டர், துப்பாக்கிக் குண்டைப்போல் பத்து மடங்கு. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ராடார் வைத்துப் பத்து சென்டிமீட்டர் குப்பையைப் பின்தொடரலாம். பொடிசுகளைப் பட்டால்தான் தெரியும். அதற்காகவும் நாஸா, 1984-ல் எல்.டி.இ.எஃப். என்று பஸ் சைஸுக்கு ஒரு கலத்தை மேலே விட்டுவைத்தது. ஒரு வருஷத்தில் எடுத்து வருவதாகத் திட்டம். 1986 சாலஞ்சர் விபத்தும் குறுக்கிட, 1990 ஜனவரியில்தான் கொண்டுவர முடிந்தது. கண்ணுக்குத் தெரிந்த குழிகள் மட்டும் 30,000-க்கு மேல்.

அப்புறம்தான் துப்பறியும் வேலை. குழியில் மக்னீசியம், இரும்பு, சிலிக்கன் இருந்தால் பெரும்பாலும் விண்கல் தூசி. டைட்டானியம் என்றால் பெயின்ட். அலுமினியம் என்றால் ராக்கெட் புகையின் மிச்சமாக இருக்கலாம். கலத்தின் உடம்பே அலுமினியமாயிற்றே, எப்படிப் பிரிப்பது? சில இடங்களில் சுத்தத் தங்கத் தகடு பதித்திருந்தார்கள். கில்லாடிகள்.

விண்கல் அடித்தால் விதி என்று விட்டுவிடலாம். பெயின்ட் அடித்தால் மனிதன். எந்த மனிதன்? அங்கே ரசாயனம் கையை விரித்துவிடுகிறது.

சட்டமும்தான். 1972 ஒப்பந்தப்படி தரையில் விழுந்தால், தப்பு இருக்கோ இல்லையோ, ஏவிய நாடு பணம் கட்ட வேண்டும். 1978-ல் கனடாவில் விழுந்த காஸ்மாஸ் 954-க்காக சோவியத் யூனியன் 30 லட்சம் கனடா டாலர் தந்தது. ஆனால், விண்வெளியிலேயே மோதினால் அடித்தவன் தவறை நிரூபிக்க வேண்டும். பெயின்ட் துணுக்குக்கு நம்பர் பிளேட் ஏது?

'எல்லாருமே பொறுப்பு' என்கிற பதில் எனக்குப் பிடிப்பதில்லை. அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களில் "நாம எல்லாருமே பொறுப்பு சார்" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் காபி சாப்பிடப் போய்விடுவார்கள். மாடிப்படியில் சிகரெட் துண்டு அப்படியே கிடக்கும்.

2023-ல் அமெரிக்கா வேறு வழி பார்த்தது. டிஷ் என்ற கம்பெனி, ஆயுசு முடிந்த செயற்கைக்கோளை 300 கிலோமீட்டர் உயர்த்துவதாகச் சொல்லிவிட்டு, எரிபொருள் போதாமல் 122-லேயே விட்டுவிட்டது. அபராதம் ஒன்றரை லட்சம் டாலர். யார் மேலும் எதுவும் படவில்லை. பாதிக்கப்பட்டவர் இல்லாமலே தண்டனையா என்று கேட்பீர்கள். நியாயம்தான் என்பேன். பாதிக்கப்பட்டவர் கிடைக்கும்போது, குற்றவாளிக்குப் பெயர் இருக்காதே.

ஆனால், ஒன்று உறுத்துகிறது. நாமும் 2019 மார்ச்சில் சொந்த செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தோம். தாழ்ந்த உயரம் என்பதால், கண்காணித்த துண்டுகள் சில வருஷங்களில் எரிந்து போயின. அந்தச் சாக்கு எல்லோருக்கும் கிடைக்காது. 1958-ல் அமெரிக்கா ஏவிய வான்கார்ட்-1 இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு இதுவரை யாரும் பில் அனுப்பவில்லை.