கத்தரீனின் மௌனம்

அருட்சகோதரி கத்தரீன் லபூரே 1831 முதல் 1876இல் இறக்கும்வரை பாரிஸ் முதியோர் இல்லமொன்றில் கிழவர்களைப் பராமரித்தார். கோழிகளுக்குத் தீனி வைத்தார். உலகெங்கும் கழுத்துகளில் தொங்கிய அற்புதப் பதக்கம், 1830இல் தாம் கண்ட மரியன்னையின் காட்சியிலிருந்து வந்தது என்பதை ஒப்புரவுக் குருவுக்கு மட்டுமே சொல்லியிருந்தார்.

திருச்சபை இதைத் தாழ்ச்சி என்கிறது. எனக்கு அந்தச் சொல்மீது சந்தேகம் உண்டு. பெண்ணின் வாயடைப்புக்குத்தான் எத்தனை அழகான பெயர்கள்! (கிழவர்களின் படுக்கையை ஏன் எப்போதும் பெண்களே விரிக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.) ஆனால் 1836இல், காட்சி கண்டவரைப் பேராயரின் விசாரணைக்குழு சாட்சி சொல்ல அழைத்தபோது அவர் போக மறுத்தார். வெறும் கீழ்ப்படிதல் என்றால் போய் நின்றிருப்பார்.

கடைசி ஆண்டில்தான் இல்லத் தலைவியிடம் வாய் திறந்தார். காட்சியில் கண்டபடி, கையில் உலக உருண்டை ஏந்திய மாதா சிலையை இன்னும் யாரும் செய்யவில்லை என்பதற்காக.