திரும்பி வந்தவன் ஒருவன்

வேத பகுதி: லூக்கா 17:11-19



இந்த மாதம் ஒரு சாட்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சபையிலே நான் ஏற்கெனவே சொன்ன சாட்சிதான் இது. ஆனால் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மறைத்து வைத்த மறுபாதியை எழுதும்படி ஆவியானவர் என்னை நெருக்கி ஏவுகிறார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆகிலும் கர்த்தருடைய நாமம் மகிமைப்படட்டும்.

2011-ஆம் வருஷம். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, சாயங்காலங்களிலும் ஓய்வுநாளிலும் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். "அந்த பாஸ்டர் கை வைத்து ஜெபிச்சா வியாதி போயிடும்" என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட எனக்கு இருமல் வந்தது. மூன்று வாரம் கழிந்தும் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. சட்டை தொளதொளவென்று ஆனது. என் மனைவி அழுது அடம்பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சளியைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார், "டி.பி. பயப்படாதீங்க. ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா முழுசா குணமாயிடும். நடுவிலே மட்டும் நிறுத்தக் கூடாது."

இப்போது டி.பி. மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் அரசுத் திட்டத்தின்படி வாரத்துக்கு மூன்று நாள், ஒருவர் கண் முன்னாலே விழுங்க வேண்டும். எனக்குக் குறித்துக் கொடுத்தது எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரை. பிரியமானவர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற பாஸ்டர், சின்னப் பிள்ளைகள் நடுவிலே நின்று கை நீட்டி மாத்திரை வாங்குகிறான். சபையாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? விடியற்காலையிலேயே யாரும் பார்க்காதபடி போய் வந்தேன். எனக்காக அந்த டீச்சர் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டுச் சீக்கிரமாக வந்து கதவைத் திறப்பார்கள். அவர்கள் நம்முடைய விசுவாச மார்க்கத்தார் அல்ல. என்றாலும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, உடம்பு தேறியது. உடனே என் பெருமை எழும்பியது. உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று, "கர்த்தர் என்னைத் தொட்டார், மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டேன்!" என்று அறிக்கை செய்தேன். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. மறுவாரம் டீச்சர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். "பாஸ்டர் சார், இன்னும் நாலு மாசம் இருக்குது சார். விட்டுடாதீங்க" என்று கெஞ்சினார்கள். நான் வேத வசனம் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன்.

நாலு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. வாயைத் துடைத்த கைக்குட்டையில் ரத்தம்!

வார்டிலே சேர்த்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து சிகிச்சை, இந்த முறை எட்டு மாதம். முதல் இரண்டு மாதத்தில் மட்டும் 24 ஊசி. முதல் வாரத்தில் ஒரு ராத்திரி ரத்தம் நிற்காமல் வந்தது. ஒரு நர்ஸ் சிஸ்டர் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் முதுகின்மேல் வைத்து, "பயப்படாதீங்க ஐயா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள். வியாதி தொற்றும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டிலே அவர்களுக்கும் பிள்ளைகள் இல்லையா? உண்டு. விடிந்தபின் ஒரு ஆயாம்மா வந்து, நான் அசுத்தப்படுத்தின துணிகளை ஒரு வார்த்தை சொல்லாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். என் சொந்தக்காரர்கள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போன நாட்கள் அவை.

2012-இல் சிகிச்சை முடிந்தது. கடைசி சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். பந்தல், மைக் செட், பிரியாணி எல்லாம் ஏற்பாடு. நான் மைக்கைப் பிடித்து என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை!" என்றேன்.

பிரியமானவர்களே, எந்த டாக்டரும் என்னைக் கைவிடவில்லை! மருந்தைக் கைவிட்டது நான்தான். அவர்கள் என்னை இரண்டாம் தரம் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மாத மருந்தைப் பற்றியும், 24 ஊசியைப் பற்றியும், கிண்ணம் பிடித்த கையைப் பற்றியும் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. அன்று ராத்திரி என் மனைவி மெதுவாகக் கேட்டாள், "ஏங்க, அந்த சிஸ்டரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?" நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் பொய்யின் பலன்

எங்கள் சபையில் வயதான ஒரு சகோதரி. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையும் இன்சுலினும் எடுத்து வந்தார்கள். என் சாட்சியைக் கேட்டு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் நினைவு தப்பிய நிலையில் மகன் அவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கர்த்தருடைய கிருபையால் உயிர் தப்பியது. ஆனால் காலிலே புண் புரையோடி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் பார்க்கப் போனபோது அந்தத் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "பாஸ்டர், நீங்க மாத்திரை இல்லாம சொஸ்தமானீங்களே. எனக்கு மட்டும் ஏன் விசுவாசம் பத்தாமப் போச்சு?"

அந்தக் கேள்விக்கு முன்னாலே என்னால் நிற்க முடியவில்லை. அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே முழங்கால்படியிட்டு எல்லாவற்றையும் அறிக்கை செய்தேன். "அம்மா, நீங்க விசுவாசத்திலே குறையலை. நான் உண்மையிலே குறைஞ்சுட்டேன்" என்றேன். அவர்கள் என் தலைமேல் கை வைத்து எனக்காக ஜெபித்தார்கள். அன்று அவர்கள்தான் பாஸ்டர், நான் வியாதியஸ்தன்.

வேதம் என்ன சொல்லுகிறது?

அன்று ராத்திரி லூக்கா 17-ஐத் திறந்தேன். பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் நான்கு சுவிசேஷங்களில் இதிலே மட்டும்தான் வருகிறது. இதை எழுதின லூக்கா யார்? கொலோசெயர் 4:14-இல் பவுல் அவனை வைத்தியன் என்றும் தனக்குப் பிரியமானவன் என்றும் அழைக்கிறார். குணமாகிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது ஒரு வைத்தியனுக்குத் தெரியாதா?

முதலாவது, ஆண்டவர் அந்தப் பத்துப் பேரையும் ஆசாரியரிடத்தில் காண்பிக்கும்படி அனுப்பினார். குஷ்டம் நீங்கினதா என்று சோதித்து அறிவிக்கிற பொறுப்பை நியாயப்பிரமாணம் ஆசாரியனுக்குக் கொடுத்திருந்தது (லேவியராகமம் 14). அற்புதம் செய்கிறவரே பரிசோதனைக்குப் போகச் சொல்லுகிறார்! அப்படியானால் சளிப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் அவிசுவாசம் என்று சொல்ல நாம் யார்?

இரண்டாவது, யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பாருங்கள். எப்படிப் பார்வையடைந்தாய் என்று கேட்டபோது, அவர் சேறு உண்டாக்கினார், கண்களில் பூசினார், போய்க் கழுவினேன், காண்கிறேன் என்று வரிசையாகச் சொல்லுகிறான். அவன் சேற்றை மறைக்கவில்லை! சேற்றைச் சொன்னால் இயேசுவின் மகிமை குறைந்துபோகும் என்று அவன் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். எட்டு மாத மாத்திரையும் கர்த்தர் எனக்குப் பூசின சேறுதான் என்று எனக்கு விளங்காமல் போயிற்று.

மூன்றாவது, எசேக்கியா ராஜா. கண்ணீரோடே ஜெபித்தான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் கொடுத்தபின்பும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் பின்பு அவன் பெற்ற உபகாரத்துக்குத் தக்கபடி நடவாமல் மனமேட்டிமையானான் என்று 2 நாளாகமம் 32-இல் வாசிக்கிறோம். பிளவை ஆறிப்போயிற்று, இருதயமோ வீங்கிப்போயிற்று. அது என் கதை அல்லவா!

நாலாவது, திரும்பி வந்த அந்த ஒருவன் சமாரியன், அந்நியன். நம்முடைய கூட்டத்தான் அல்லாதவனை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். எனக்கு அப்படி நிறுத்தப்பட்டவர் அந்த அங்கன்வாடி டீச்சர்.

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது?

நான் போட்டுக்கொண்ட ஊசி மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னே டி.பி. வந்தவர்களுக்கு நல்ல காற்று, ஓய்வு, ஆகாரம் என்பதைத் தவிர அதிகமாகச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. 1956-இல் நம்முடைய சென்னையிலே ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஏழை வியாதியஸ்தர் வீட்டிலே இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்திருக்கிறவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் உலகத்துக்கே காட்டினார்கள். நம்மைப்போன்ற ஏழை ஜனங்களை வைத்து, நம் ஊரிலே அறிந்துகொண்ட காரியம் அது!

வேலூரை நினைத்துப் பாருங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் வாலிபப் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக ஆட்கள் வந்து உதவி கேட்டார்கள். அம்மையாரின் தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த ராத்திரி அம்மையாரை உடைத்தது. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஊழியத்தை ஆரம்பித்தார்கள். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. அவர்கள் ஜெபிக்கிறவர்களாகவும் இருந்தார்கள், மருந்து கொடுக்கிறவர்களாகவும் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவிலே சுவர் எழுப்பினது நாம்தான்.

நான் திரும்பிப் போனேன்

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக நின்று முழு சாட்சியையும் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போனார்கள். வலித்தது. ஆனாலும் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு வார்டுக்குப் போனேன். அந்த சிஸ்டருக்கு என் முகமே மறந்துபோயிருந்தது. அந்த ராத்திரியைச் சொன்னதும் நினைவு வந்தது. அவர்கள் கண் கலங்கிச் சொன்னது: "குணமாகிப் போறவங்க திரும்பி வர மாட்டாங்க ஐயா. இந்த இடத்தையே மறக்கணும்னு நினைப்பாங்க. உங்க பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அவரோட சம்சாரம் மட்டும் ஒரு தடவை வந்தாங்க."

என் நெஞ்சு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக் கட்டில் சகோதரர் பிழைக்கவில்லை! புருஷனை இழந்த அந்தத் தாய், கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லத் திரும்பி வந்திருக்கிறாள். பிழைத்த நான் ஒரு வருஷமாக வரவில்லை. நன்றி என்பது சுகத்துக்குக் கொடுக்கிற கூலி அல்ல என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக அங்கன்வாடி வாசலுக்குப் போனேன், பகல் வெளிச்சத்திலே. "டீச்சர், அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேக்காமப் போனேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கீங்க இல்ல சார், அது போதும்" என்றார்கள்.

உங்களுக்கு என் ஆலோசனை

அன்பானவர்களே, வியாதிக்காக ஜெபியுங்கள். மூப்பர்களை அழையுங்கள், எண்ணெய் பூசுங்கள். கர்த்தர் இன்றும் அற்புதம் செய்கிறார். அதை நான் ஒருநாளும் மறுதலியேன். ஆனால் டாக்டர் நிறுத்தச் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தாதேயுங்கள். சொஸ்தமானது மெய்யானால் பரிசோதனையிலும் அது தெரியும்.

சாட்சி சொல்லும்போது சேற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சாட்சியைக் கேட்கிற யாரோ ஒருவர் வீட்டிலே மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் படுத்திருந்த வார்டுக்கு ஒருதரம் திரும்பிப் போங்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும், தரையைத் துடைத்த ஆயாம்மாவுக்கும் நன்றி சொல்லுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி உங்கள் குடும்ப ஜெபத்தில் ஜெபியுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, நீர் எங்களுக்குச் செய்த உபகாரங்களையும், மனுஷர் கைகளைக்கொண்டு செய்த உபகாரங்களையும் மறந்துபோன எங்களை மன்னியும். இந்த ராத்திரியும் விழித்திருந்து வியாதியஸ்தரைப் பார்த்துக்கொள்ளுகிற ஒவ்வொருவரையும் பலப்படுத்தும். போனவர்களாய் இராமல் திரும்பி வந்தவர்களாய் எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்பு சகோதரன்