இன்னும் ஒரு குழாய்

மண்ணில்லாமல் கீரை வளர்க்க ஆரம்பித்தவர்கள் முதல் டப்பாவோடு நிறுத்திக்கொள்வது அபூர்வம். மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே உரக் கரைசல், துளையில் ஒரு சின்ன வலைக்கூடை. இவ்வளவிலேயே பாலக்கீரை தழைத்துவிட்டால், மனம் உடனே பிவிசி குழாய்க்குக் கணக்குப் போடுகிறது. சென்னையில் எங்கள் மொட்டை மாடியிலும் இதே கதைதான். இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. இன்னும் ஒரு குழாய் போட்டால் என்ன?

வலைக்கூடையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று வேர்கள் தொங்குகின்றன. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். அந்த இடைவெளியில் மேல்வேர்கள் காற்றை எடுத்துக்கொள்ளும், அடிவேர்கள் கரைசலில் நிற்கும். மோட்டாரே வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. குழாய் முறையிலோ மோட்டார் மூலம் வேரடியில் மெல்லிய நீரோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மே மாதத்து மதியத்தில் கரண்ட் போனால் சில மணி நேரத்திலேயே செடிகள் துவண்டுவிடும். சூடும் ஒரு எதிரி. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரைக்கு இறங்கிவிடும். மூச்சு முட்டும் வேர் பழுப்பேறி, வழவழப்பாகி, அழுகத் தொடங்கும்.

மண் இருந்தால் இத்தனை பதற்றம் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, சத்தைச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது, புளிப்பும் காரமும் சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்கிறது. மண்ணை விலக்கியதும் அந்த வேலையெல்லாம் நம் தலையில். கரைசலின் புளிப்பு-கார அளவான பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால், கரைசலில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு புதுக் குழாயும் நாம் ஏற்கும் புதுப் பொறுப்பு. ஆசைப்படும்போது பச்சை இலைதான் கண்ணில் படுகிறது, அந்தப் பொறுப்பு படுவதில்லை.

1930களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக்கி வெறும் கரைசலில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடி ஏற்றிக் காட்டியபோது, எல்லோருக்கும் மண்ணே தேவையில்லை என்ற கனவு வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் அமைதியாகப் பதில் எழுதினார்கள்: நல்ல மண்ணில் விளைவதைவிட இதில் அதிகம் விளைந்துவிடாது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அந்த நேர்மையை. இன்றும் உலகெங்கும் பயன்படும் சத்துக் கரைசலுக்கு ஹோக்லண்டின் பெயர்தான். அவரே அதன் எல்லையையும் சொன்னார்.

அதனால் எங்கள் மாடியில் விரிவாக்கத்துக்கு இப்போது ஒரே ஒரு அளவுகோல்: நாங்கள் ஊருக்குப் போனால் கீழ்வீட்டு அக்காவால் சிரமமில்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? "அக்கா, டப்பாவில் கோடு போட்டிருக்கேன், அதுக்குக் கீழே போனா தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடிந்தால் சரி. பி.எச். மீட்டரை நீட்டி எண் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தக் குழாய் வேண்டாம். தக்காளிக்குத் தனித்தனி பக்கெட் வைத்திருக்கிறோம். ஒன்றில் அழுகல் வந்தால் மற்றதற்குப் பரவாது. கறிவேப்பிலை மண்தொட்டியிலேயே இருக்கட்டும். அதற்கு எங்களைவிட மண்தான் நன்றாகப் பணிவிடை செய்கிறது.