அடுத்து வருகிறவன்

கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் வாசகர்களில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அது பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நியாயந்தான். ஆனால் அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு ரேக் கிடக்கிறது. தோட்டக்காரர்கள் சருகு வாரவும் மண்ணை நிரவவும் வைத்திருப்பார்களே, நீண்ட காம்பும் வரிசையாகப் பற்களும் உள்ள அதே சாதாரணக் கருவிதான். அதை எங்கே வைப்பது என்ற கேள்வி, பல ஆண்டுகளாகப் பெரிய மனிதர்களை யோசிக்க வைத்திருக்கிறது. கேள்வி அற்பமானது. அதற்குள் இருக்கும் விஷயம் அற்பமானதல்ல.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். கோல்ப் மைதானம் என்பது பரந்த புல்வெளி. பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாகப் பந்தைச் சேர்க்க வேண்டும். எத்தனை குறைந்த அடிகளில் சேர்க்கிறோம் என்பதே ஆட்டம். வழியில் ஆங்காங்கே மணல் பரப்பிய பள்ளங்கள் இருக்கும். பங்கர் என்று பெயர். ஸ்காட்லாந்துக் கடலோர மணல்மேடுகளில் பிறந்த ஆட்டம் இது. அந்த மேடுகளில் இயல்பாகவே இருந்த மணற்பள்ளங்களைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் மற்ற இடங்களிலும் வேண்டுமென்றே பள்ளம் தோண்டி மணலைக் கொட்டினார்கள். பந்து அதில் விழுந்தால் ஆடுகிறவன் உள்ளே இறங்கி, மணலோடு சேர்த்து அதை வெளியே அடிக்க வேண்டும். அவன் ஏறி வந்த பிறகு மணலில் அவனுடைய காலடிகளும், மட்டை கிளறிய வடுவும் இருக்கும். ரேக்கை எடுத்து அவற்றை நிரவிவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம்.

எதற்காக நிரவ வேண்டும்? பந்து எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் ஆதார நியாயம். மணற்பள்ளத்தில் அது இன்னும் கடுமையானது. அடிப்பதற்கு முன்னால் பந்துக்குப் பின்னே உள்ள மணலை மட்டையால் தொடக்கூடக் கூடாது. முன்னே போனவனுடைய காலடிக்குள் பந்து விழுந்து புதைந்து கிடந்தாலும், “இது என் குற்றமா?” என்று கேட்க இடமில்லை. புதைந்தபடியே அடித்தாக வேண்டும். காலடி வைத்தவன் அப்போது இரண்டு குழி தள்ளிப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். தான் ஒருவனுக்குத் தீங்கு செய்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. துன்பப்பட்டவனுக்கும் தன்னைத் துன்புறுத்தியவன் யார் என்று தெரியாது.

2010-இல் அமெரிக்காவில் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்தது. டஸ்டின் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் கடைசிக் குழியில் முன்னணியில் இருந்தார். அவர் அடித்த பந்து, வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் நடந்து மிதித்திருந்த ஒரு மணல் திட்டில் போய் விழுந்தது. அதை மணற்பள்ளம் என்றே அவர் நினைக்கவில்லை. மட்டையை மணலில் ஊன்றிவிட்டார். இரண்டு அடி தண்டனை. அதனால் அவர் முடிவுப் போட்டிக்கே போக முடியாமல், ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் பட்டத்தை வென்றார். இப்படி மிதிபட்ட மணலும் பங்கராகவே கொள்ளப்படும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆகவே சட்டப்படி தண்டனை சரியானதுதான். ஆனால் அந்த மணலை மிதித்து உருவம் தெரியாமல் ஆக்கிய ஆயிரம் கால்களில் ஒன்றுக்குக்கூட அந்தப் பொறுப்பில் பங்கு வரவில்லை.

இனி ஒரு வேடிக்கை. 1744-இல் எடின்பரோவை அடுத்த லீத் நகரில் இந்த ஆட்டத்துக்கு முதன்முதலாகப் பதின்மூன்று விதிகளை எழுதினார்கள். 2019-இல் புதுப்பிக்கப்பட்ட விதிகள் இருபத்து நான்கு. பந்து ஒரு விரற்கடை நகர்ந்தால் என்ன, மரக்கிளையில் சிக்கிக்கொண்டால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் அவற்றில் தீர்ப்பு இருக்கிறது. பள்ளத்தின் மணலை நிரவ வேண்டும் என்பதும் ஆட்டக்காரனிடம் எதிர்பார்க்கப்படும் நடத்தை என்று முதல் விதியிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால், நிரவாமல் போனால்? அந்த விதியின்படி அதற்கென்று அடித் தண்டனை ஏதும் கிடையாது. ஒரு கழகம் விரும்பினால் தன் அளவில் நடத்தை விதி வகுத்துத் தண்டிக்கலாம். அவ்வளவுதான்.

நாம் வழக்கமாக என்ன நினைக்கிறோம்? தண்டனை இல்லாத விதி பல்லில்லாத பாம்பு என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்டனைக்குப் பயந்து ஒருவன் மணலை நிரவினால் அவன் தன் கணக்கைக் காப்பாற்றிக்கொள்கிறான். அதில் பிறனுக்கு இடமில்லை. தண்டனை இல்லாத இடத்தில் நிரவுகிறவன்தான், பின்னால் ஒருவன் வருகிறான் என்பதை நினைக்கிறான். அவனுக்கு அதனால் காற்காசு பிரயோசனம் கிடையாது. பின்னால் வருகிறவனுடைய நன்றிகூட வந்து சேராது. ஏனென்றால் நன்றாக நிரவப்பட்ட மணலைப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒருவன் வந்து போனதே தெரியாது. தெரியாமல் செய்வதுதான் இந்தத் தர்மத்தின் பூர்த்தி.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பள்ளம் என்பதே கஷ்டம் கொடுக்கத்தானே வெட்டப்பட்டது? அதில் விழுந்தவனுக்கு மெத்தை விரிப்பானேன்? இப்படிக் கேட்டவர்கள் வெறும் விதண்டாவாதிகள் அல்லர். பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே 1903-இல் ஹென்றி பௌன்ஸ் என்பவர் நிறுவிய ஓக்மான்ட் மைதானத்தில், கனமான, பற்கள் பெரிய ஒரு விசேஷ ரேக்கைக் கொண்டு மணலில் ஏர் உழுததுபோல் சால் சாலாகக் கீறி வைத்தார்கள். பந்து சாலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்து, 2006-இல், ஜாக் நிக்லஸ் தாம் நடத்திய மெமோரியல் பந்தயத்தில் அதே மாதிரிச் சால் போடச் செய்தார். ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆனால் ஓக்மான்ட்டின் சாலும் ஓர் அலட்சியக்காரனின் காலடியும் ஒன்றாகிவிடுமா? சால் எல்லோருக்கும் பொது. முதலில் வருகிறவனுக்கும் கடைசியில் வருகிறவனுக்கும் ஒரே கஷ்டம். அதைத் தெரிந்துகொண்டுதான் களத்தில் இறங்குகிறார்கள். காலடி அப்படியல்ல. அது யாரோ ஒருவனை மட்டும் பிடித்துக்கொள்கிறது. வாழ்க்கையிலும் இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். மழையும் வெயிலும் மூப்பும் எல்லோருக்கும் விதித்த சால்கள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது தத்துவம். பிறன் விட்டுச் சென்ற காலடியையும் விதி என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால், அது தத்துவம் ஆகாது, காலடி வைத்தவனுக்கு வக்காலத்து வாங்குவதுதான் ஆகும்.

சரி, மணலை நிரவியாயிற்று. கையில் ரேக் இருக்கிறது. அதை எங்கே வைப்பது? உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளத்துக்குள்ளேயே போட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. பெரும்பாலோர் ஏறி வரும் ஓரத்திலேயே போட்டுவிடுவார்கள். சரிவில் உருண்டு சமதளத்துக்கு வந்திருக்க வேண்டிய பந்து, ரேக்கில் முட்டிச் சரிவிலேயே நின்றுவிடும். ரேக்கை எடுக்க விதி அனுமதிக்கிறது. எடுக்கும்போது பந்து அசைந்தால் குற்றமில்லை, பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். ஆனால் அங்கே பந்து நிற்காமல் உருண்டால்? குழிக்கு நெருங்கிவிடாமல், அதே பள்ளத்துக்குள், பந்து நிற்கக்கூடிய மிக அருகிலுள்ள இடத்தில் வைக்க வேண்டும். சில சமயம் அப்படி ஓர் இடமே அகப்படாது. அப்போது தண்டனை ஏற்று, பந்தைப் பள்ளத்துக்கு வெளியே போட்டு ஆடுவதுதான் வழி. ஒரு பாவமும் அறியாதவனுக்கு, நல்லது செய்ய வைத்த கருவியால் தண்டனை! நடுப்பள்ளத்தில் போடலாம் என்றால், அதை எறிய வேண்டும், மணல் கலையும். அடுத்தவன் அதை எடுக்க நடுவரை நடந்து, நடந்த தடத்தையெல்லாம் நிரவ வேண்டும். சோம்பேறி அதைத் தொடவே மாட்டான்.

வெளியே வைக்கலாம் என்பது மறு கட்சி. அதிலும் வில்லங்கம் உண்டு. பள்ளத்தில் விழ வேண்டிய பந்தை ரேக் தடுத்து ஒருவனுக்கு அதிர்ஷ்டம் கொடுக்கலாம். நல்ல வழியில் போகும் பந்தைத் திருப்பி உள்ளேயும் தள்ளலாம். இன்னொருவனையும் மறந்துவிடக்கூடாது. காலையில் புல் வெட்டும் யந்திரத்தை ஓட்டி வருகிற தொழிலாளி, ஒவ்வொரு ரேக்குக்கும் நிறுத்தி, இறங்கி, அதைத் தூக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் என்றால் ஆட்டக்காரன் மட்டும்தானா? அவனும்தான்.

பற்கள் உள்ளே, காம்பு வெளியே என்று பாதிப் பாதியாக வைப்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் திருப்தி செய்கிற வழி மாதிரி இருக்கிறது. ஆனால் பந்து உருண்டு வரும் விளிம்பிலேயே காம்பு குறுக்கே கிடக்கும். நடுவழி எல்லாம் நியாய வழி ஆகிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

உலகமெங்கும் இந்த ஆட்டத்துக்கு விதி வகுப்பவை இரண்டு அமைப்புகள்: செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஆர் அண்டு ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. இரண்டும் சேர்ந்து இதை ஆராய்ந்து சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பூரணமான விடை இதற்கு இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், பள்ளத்துக்கு வெளியே, பந்தின் போக்கைப் பாதிக்க மிகக் குறைந்த வாய்ப்புள்ள இடத்தில் வைப்பதே மேல் என்றார்கள். முடிவை அந்தந்த மைதானத்தை நடத்துகிறவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

பூரணமான விடை இல்லை என்று தெரிந்ததும் நம்மில் இரண்டு விதமானவர்கள் புறப்படுவார்கள். ஒருவர், “எதுவும் சரியில்லை என்றால் எங்கே போட்டால் என்ன?” என்று கையிலிருப்பதை வீசிவிட்டுப் போவார். மற்றவர், தம் விடையே பூரணம் என்று சாதித்து ஊரைச் சண்டைக்கு இழுப்பார். சீர்தூக்கிப் பார்த்து, குறைந்த தீங்கைத் தேர்ந்தெடுத்து, அதிலும் ஒரு குறை இருக்கிறது என்ற நினைவோடு அதைச் செய்கிறவர்கள் சொற்பம். அவர்களால்தான் பொதுக் காரியங்கள் நடக்கின்றன.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வெளியேதான் வைக்க வேண்டும். பந்து வரும் திசைக்குக் குறுக்கே இல்லாமல், திசையோடு ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். புல் வெட்டுகிறவனுக்குக் கொஞ்சம் சிரமந்தான். அவனுக்கு அதற்கான பொழுதையும் கூலியையும் கழகம் கொடுக்கட்டும். அந்தச் சிரமம் தெரிந்த சிரமம், கணக்கில் எழுதி ஈடு செய்யக்கூடியது. யாரோ ஒருவன்மேல் திடீரென்று விழும் அநியாயத்துக்கு ஈடு கிடையாது.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, பலர் தொடும் பொருள் என்று பல நாடுகளில் ரேக்குகளையே அகற்றிவிட்டார்கள். எங்கே வைப்பது என்ற கேள்வியே ஒழிந்தது. ஆனால் மணலில் காலடி விழுவது ஒழியவில்லை. காலாலும் மட்டையாலும் இயன்றவரை நிரவிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். கருவி இல்லையே என்று கையை விரித்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். ரேக் இருந்த காலத்திலும் அந்த இரண்டு வகையினரும் இருந்திருப்பார்கள். ரேக் இருந்ததால் வேறுபாடு தெரியாமல் இருந்தது.

உபகாரம் செய்வது பாதிக் காரியம். செய்த உபகாரம் பிறன் வழியில் குறுக்கே கிடக்காதபடி பார்த்துக்கொள்வது மறு பாதி. மணலை நிரவிவிட்டோம் என்ற திருப்தியில் ரேக்கைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு நடக்கிறவன், பாதிக் காரியத்தைத்தான் செய்திருக்கிறான்.