கத்தரி யார் கையில்?

"கதை என்னுடையதுதான், கதைக்கு மேலே அச்சாகியிருப்பதும் என் பெயர்தான். ஆனால், கதையின் முடிவு மட்டும் என்னுடையதன்று!"

எழுதத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன இளைஞர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு குறைப்பட்டுக் கொண்டார். பத்திரிகை ஒன்றுக்கு அவர் அனுப்பிய சிறுகதை, அவரைக் கேளாமலே பாதியாகச் சுருங்கி, முடிவும் மாறி வெளிவந்திருந்தது. படித்தவர்களோ அந்த முடிவைத்தான் பெரிதும் பாராட்டினார்களாம். "இனியும் அவர்களுக்கு அனுப்பலாமா? அனுப்பாவிட்டால் என்னை யார் அறிவார்?" என்று அவர் கேட்டபோது, உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை.

ஒருவர் எழுதியதைத் திருத்த மற்றொருவருக்கு உள்ள உரிமை எதுவரை செல்லும்? திருத்தியதால் எழுத்துச் சிறந்துவிட்டது என்பது ஒன்றே அவ்வுரிமைக்குப் போதிய சான்றாகுமா? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

திருத்தமே கூடாது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. தன் குழந்தையின் முகத்தில் உள்ள அழுக்குத் தாயின் கண்ணுக்குத் தெரியாமற் போவதுண்டு. எழுதியவனுக்குத் தன் சொற்களின்மேல் உள்ள பற்றும் அத்தகையதே. பிறர் கண் வேண்டும்; சில வேளைகளில் பிறர் கையும் வேண்டும்.

ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட், 'பாழ் நிலம்' என்னும் தம் நெடுங்கவிதையின் கையெழுத்துப் படியை நண்பர் எஸ்ரா பவுண்டிடம் தாமே கொடுத்தார். பவுண்டு தயவு தாட்சணியமின்றிப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினார். 1922இல் அக்கவிதை 434 அடிகளோடு வெளிவந்து இருபதாம் நூற்றாண்டுக் கவிதையின் போக்கையே மாற்றியது. எலியட் மனம் நோகவில்லை. பின்னர் அந்நூலைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். அடித்தல் திருத்தல்களோடு கூடிய மூலப்படி 1971இல் நூலாக வந்தபோது, நண்பரின் கை எவ்வளவு வேலை செய்திருந்தது என்பதை உலகம் கண்டு வியந்தது.

இதே போன்ற வெட்டு மற்றொருவர்க்கு வேதனையாய் முடிந்ததும் உண்டு.

அமெரிக்கச் சிறுகதை ஆசிரியர் ரேமண்ட் கார்வர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கூலி வேலைகள் பல பார்த்தவர். குடிப்பழக்கத்தில் வீழ்ந்து 1977இல் மீண்டவர். அவரை முதலில் ஊக்கி வளர்த்தவர்களுள் ஒருவர் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ். 1981இல் வெளிவந்த கார்வரின் கதைத் தொகுதியை லிஷ், ஏறத்தாழப் பாதியளவுக்கு வெட்டிக் குறைத்தார். வெட்டுண்ட படியைக் கண்ட கார்வர் கலங்கிப்போனார். 1980 ஜூலை 8ஆம் நாள் லிஷுக்கு நீண்ட மடலொன்று எழுதி, இந்நூலை நிறுத்திவிடும்படி மன்றாடினார். ஆயினும் சில நாட்களில் இணங்கிவிட்டார். நூல் வெளிவந்தது, புகழும் வந்தது. சொற்சிக்கனத்தின் சிகரம் என்று திறனாய்வாளர் அவரைக் கொண்டாடினர். அந்தச் சிக்கனத்தில் பெரும்பங்கு பிறருடையது என்பது வாசகர்க்குத் தெரியாது.

வெட்டப்பட்டவை வெறும் சொற்கள் தாமா என்பதையும் பார்ப்போம். தொகுதியின் ஒரு கதையில், மகனின் பிறந்த நாளுக்காகத் தாய் ஒருத்தி ரொட்டிக் கடையில் கேக்குக்குச் சொல்லி வைக்கிறாள். பிறந்த நாளன்று சிறுவன் மீது கார் மோதிவிடுகிறது. நடந்ததை அறியாத கடைக்காரன், கேக்கை வாங்க வரவில்லையே என்ற சினத்தில் தொலைபேசியில் தொந்தரவு செய்கிறான். லிஷ் சுருக்கிய வடிவம் தொலைபேசி மணியோடு முடிந்துவிடுகிறது. சிறுவன் பிழைத்தானா இல்லையா என்பதும் நமக்குத் தெரியாது. எஞ்சுவது அச்சம் ஒன்றே.

கார்வர் எழுதியதோ வேறு. சிறுவன் இறந்துவிடுகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு நள்ளிரவில் கடைக்குச் செல்கிறார்கள். உண்மை அறிந்த கடைக்காரன் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்கிறான். அவர்களை உட்கார வைத்து, அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைக் கொடுக்கிறான். விடியும் வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகனை இழந்தவர்களும், மனிதத் தொடர்பின்றித் தனிமையில் காய்ந்தவனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் காட்சி அது. வெட்டில் போனது இந்த மன்னிப்பு! வாழ்வைப் பற்றி ஆசிரியன் கொண்டிருந்த தீர்ப்பே மாறிவிட்டதன்றோ?

கார்வர் 1983இல் வெளியிட்ட அடுத்த தொகுதியில் அக்கதையை விரிந்த வடிவிலேயே அச்சிட்டார். 1988இல் அவர் மறைந்தார். அவர்தம் மனைவி டெஸ் கால்லகரின் முயற்சியால், வெட்டுப்படாத மூலத் தொகுதி 2009இல் முழுமையாக வெளிவந்தது.

"லிஷ் வெட்டியதால்தானே கார்வர் பெயர் பெற்றார்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கார்வர் தம் இறுதி ஆண்டில் வெளியிட்ட தேர்ந்தெடுத்த கதைகளில், சிலவற்றை விரித்த வடிவிலும் சிலவற்றை லிஷ் திருத்திய வடிவிலுமே சேர்த்தார். ஆகவே, திருத்தங்களில் நல்லனவும் இருந்தன என்பதை அவரே ஏற்றுக்கொண்டார் எனலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதை ஏற்பது, எதை விலக்குவது என்று அப்போது முடிவு செய்தவர் கார்வர். 1981இல் அந்த முடிவு அவர் கையில் இல்லை. எலியட்டும் கார்வரும் வேறுபடுவது இங்கேதான். இருவர் எழுத்தும் வெட்டுண்டன. இரண்டும் புகழ் பெற்றன. ஒருவர் விரும்பிக் கொடுத்தார்; மற்றவர் மன்றாடித் தோற்றார். விளைவின் அழகு, வழியின் குறையை மறைக்கலாம், நீக்காது.

கையெழுத்துப் படி என்பது ஓர் அமானிதம். பிறர் பொருளை நம்பிக்கையோடு நம் கையில் ஒப்படைக்கும்போது அதைத் தூசு தட்டலாம், கிழிசலைத் தைக்கலாம். உரியவரைக் கேளாமல் வேறொரு பொருளாக்கித் திருப்பிக் கொடுத்தால், அது முன்னினும் விலையுயர்ந்ததாயினும் அமானிதம் பேணப்பட்டதாகாது.

நம் மரபும் இதை அறியும். அரங்கேற்றத்தில் புலவர்கள் தடை எழுப்புவர். நூலாசிரியர் அங்கேயே விடை பகர்வார். திருத்தம் அவையில், ஆசிரியன் முன்னிலையில் நிகழ்ந்தது. விடை சொல்ல இயலாத பழம்புலவர்களின் நூலைப் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முதலாகச் சுவடிகளைத் தேடித் தேடி ஒப்பிட்டார். பாடபேதங்களைத் தம் பதிப்புகளில் குறித்தும் வைத்தார். மறைந்தவர்க்கே இவ்வளவு மரியாதை என்றால், உயிரோடிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெரும் பாரமா?

சட்டமும் எழுத்தாளனைக் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், ஆசிரியனுக்குத் தனியுரிமை ஒன்றை வழங்குகிறது. பதிப்புரிமையைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்த பின்னரும், தன் படைப்பு தன்னுடையதே என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டே தரவேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்தாண்டுக்கே செல்லும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் எழுத்தாளர்கள் இவற்றை அறிந்துகொள்வது நன்று.

உரிமையைப் பேசிய நாம் கடமையையும் பேசியாக வேண்டும். அனுப்பும் எழுத்துக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளாதவன், பின்னர் எதைக் காட்டி முறையிடுவான்? திருத்தம் வந்ததும் சினந்து எழுவதைவிட ஓரிரவு பொறுத்திருந்து மறுநாள் படிப்பதே அறிவுடைமை. ஒற்றுப் பிழையும் கூறியது கூறலும் நீக்கப்பட்டிருந்தால் நன்றி சொல்ல வேண்டும். அழகான வரியொன்று போயிருந்தால், அது கதைக்கு வேண்டியதா, நம் செருக்குக்கு வேண்டியதா என்று நெஞ்சைக் கேட்க வேண்டும். கதையின் தீர்ப்பே மாறியிருந்தால் மட்டும் அசையக் கூடாது. அச்சேறும் வாய்ப்புப் போனாலும் போகட்டும்! தான் நம்பாத ஒன்றின் கீழ்த் தன் பெயரைக் காண்பதைவிட, பெயரே வராதிருப்பது மேல்.

ஆசிரியர் நாற்காலியில் இருப்போர்க்கும் ஒரு சொல். இடமில்லை என்பது உண்மையான காரணமாக இருக்கலாம். அதைச் சொல்லிச் சுருக்கித் தரும்படி கேளுங்கள். அல்லது திருப்பி அனுப்புங்கள். மறுப்பு எழுத்தாளனை ஒரு நாள் வருத்தும். கேளாமல் செய்த திருத்தமோ, கார்வர் கதையில் கண்டதுபோல், அவன் உள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து உறுத்தும்.

நம்மிடம் வந்த இளைஞருக்குக் கடைசியில் நாம் கூறியது இதுதான்: "மறுபடியும் அனுப்புங்கள். அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். 'திருத்தம் செய்வதாயின் அச்சேறும் முன் எனக்குக் காட்டுக.' காட்டினால் திறந்த மனத்தோடு படியுங்கள். காட்ட மறுத்தால் வேறிடம் தேடுங்கள்."

அவர் அந்த வரியை எழுதித்தான் அனுப்பினார்.