நிற்பதற்கும் மின்சாரம் வேண்டும்

ஸ்டெப்பர் மோட்டாரைப் புதிதாக இயக்கிப் பார்ப்பவர்கள் அது ஓடுவதைத்தான் ரசிப்பார்கள். ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து, மோட்டாரை இயக்கும் ஏ4988 டிரைவருக்கு ஒரு மின்துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஓர் அடி வைக்கும். நேமா 17 மோட்டாரில் ஓர் அடி என்பது பெரும்பாலும் 1.8 டிகிரி, 200 அடியில் ஒரு சுற்று. அந்தத் துல்லியம் அழகுதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த மோட்டார் நிற்கும் விதம்.

மோட்டாரை மேசை விளிம்பில் இறுக்கி, தண்டில் சிறிய கப்பி மாட்டி, நூலில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். பாக்கெட்டைக் கொஞ்ச உயரம் தூக்கியதும் துடிப்பை நிறுத்திவிடுங்கள். இனி மோட்டாருக்கு எந்தக் கட்டளையும் போகாது. இருந்தும் பாக்கெட் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சுருள்களில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் உண்டாகும் காந்த விசை, சுழலும் பகுதியான ரோட்டரை நகரவிடாமல் பிடித்திருக்கிறது. சற்று நேரம் கழித்து மோட்டாரைத் தொட்டால் சுடும். இப்போது டிரைவரின் எனேபிள் பின்னுக்கு 5 வோல்ட் கொடுங்கள். சுருள்களுக்குப் போகும் மின்சாரம் நிற்கும். மறுநொடி பாக்கெட் தரையில் கிடக்கும்.

விசை எவ்வளவு இருந்தாலும் இடப்பெயர்ச்சி இல்லையென்றால் செய்த வேலை சுழியம் என்று பள்ளியில் படித்தோம். நிற்கிற மோட்டாரின் வேலையும் சுழியம்தான். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகப் போகிறது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் அம்மாவின் உழைப்பையும் இந்தக் கணக்கில்தான் எல்லோரும் வைத்திருந்தார்கள். நேற்று இருந்தபடியே அப்பா இன்றும் இருப்பார். அப்படி இருப்பதற்காக அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார். முதுகில் புண் வராமல் துடைத்துவிடுவார். கஞ்சி புரையேறாமல் இருக்கத் தலையணையை உயர்த்தி, கரண்டி கரண்டியாக ஊட்டுவார். பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு எதுவும் நகர்ந்ததாகத் தெரியாது. “வீட்லதானே இருக்கீங்க அக்கா, ஒரு எட்டு கல்யாணத்துக்கு வந்துட்டுப் போகலாமே” என்பார்கள். கொஞ்சம் புரிந்தவர்கள், “உங்க பொறுமை யாருக்கு வரும்!” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள்.

மோட்டார் சுடுகிறதென்றால் அதைத் தயாரித்தவரோ பயன்படுத்துபவரோ அதன் பொறுமையைப் பாராட்டுவதில்லை. ஏற்பாட்டை மாற்றுகிறார்கள். டிஎம்சி2209 போன்ற டிரைவர்களில் ஓடும்போது எவ்வளவு மின்னோட்டம், நிற்கும்போது எவ்வளவு என்று தனித்தனியாக அமைக்கலாம். தொழிற்சாலை டிரைவர்கள் பலவற்றில், மோட்டார் நின்றதும் மின்னோட்டம் தானாகப் பாதியாகக் குறையும் வசதி உண்டு. இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5 ஓம் சுருளில் 1 ஆம்பியர் ஓடினால் 1.5 வாட் வெப்பம். அரை ஆம்பியர் ஓடினால் 0.375 வாட். பிடிப்பு ஏறக்குறைய பாதியாகிறது, சூடோ கால்வாசியாகிவிடுகிறது. சுமையை முழுக்க இறக்கி வைக்க வழியில்லாத இடத்திலும் கொஞ்சம் தளர்த்தினால் போதும், எரிச்சல் பெருமளவு அடங்கும்.

சித்தி சனி, ஞாயிறு இரவுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது இதை நேரில் பார்த்தேன். வாரத்தில் மற்ற ஐந்து இரவுகளும் அம்மாவுக்குத்தான். ஆனாலும் இரண்டு இரவு விடாமல் தூங்கி எழுந்தவரின் முகமே வேறாக இருந்தது. ஓயாத தலைவலி குறைந்தது. அப்பாவிடம் பழையபடி ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்.

மேலும் கீழும் நகரும் கனமான அச்சுகளில் இன்னொரு ஏற்பாடு செய்வார்கள். மோட்டாருடன் ஒரு ஸ்பிரிங் பிரேக்கைச் சேர்ப்பார்கள். மின்சாரம் இருக்கும்வரை அது விலகியிருக்கும். மின்சாரம் போனால் உடனே தண்டைக் கவ்விக்கொள்ளும். விழுந்தால் ஆபத்தான சுமையைச் சுருளின் சக்தியை மட்டும் நம்பி விடக்கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. எங்கள் வீட்டில் அந்த பிரேக் ஒரு தாளில் இருந்தது: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த டாக்டரைக் கூப்பிடுவது, எப்படிப் புரட்டுவது என்று எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாளில், அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாங்கள் அப்பாவைக் கவனித்தோம்.

ஒரு வீட்டில், ஓர் அலுவலகத்தில், எதுவும் கெடாமல் இருந்தபடி இருக்கிறதென்றால் அதற்காக யாரோ ஒருவர் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டிருக்கிறார் என்றே நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன். அவருக்குப் பாராட்டு தேவைதான். அதற்கு முன்னால், “எந்த ராத்திரி நான் வரட்டும்?” என்று யாராவது அவரைக் கேட்க வேண்டும், கேட்டபடி வரவும் வேண்டும்.