பிள்ளை யாருக்குச் சொந்தம்?



புருஷனும் மனைவியும் பிரியக் கூடாது என்றுதான் நாம் ஜெபிக்கிறோம். ஆலோசனை சொல்லுகிறோம், கண்ணீரோடே மன்றாடுகிறோம். ஆனாலும் சில வீடுகள் உடைந்துபோகின்றன. அன்றைக்குச் சபைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். பிள்ளை யார்கிட்ட இருக்கணும்?

ஒரே ஊர் என்றால் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று எப்படியாவது சமாளிக்கலாம். தகப்பன் சென்னையிலும் தாய் நாகர்கோவிலிலும் இருந்தால் என்ன செய்வது? நடுவிலே ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க ரயில் பிரயாணம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் இருக்க முடியும். ஒரு வீடு அதற்கு வேராக இருக்க வேண்டும். அப்படியானால் இன்னொருவருக்கு என்ன மிச்சம்?

"ஆளுக்குச் சரிபாதி, அதுதானே நியாயம்" என்று சிலர் சொல்லுவார்கள். சாலொமோன் ராஜாவின் நியாயத்தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். பட்டயத்தால் இரண்டாகப் பிளப்பது கணக்குப்படி சரியான பங்குதான். ஆனால் பங்கு சரியாய் வந்தபின் பிள்ளை உயிரோடே இருக்காதே! பெற்றவர்களுக்குச் சமமாய்த் தோன்றுவதெல்லாம் பிள்ளைக்கு நியாயம் ஆகிவிடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராஜாவுக்கு முன் நின்ற இருவரில் ஒருத்தி பொய்க்காரி. நம்முடைய வழக்கில் அப்படியில்லை. தாயும் மெய்யான தாய், தகப்பனும் மெய்யான தகப்பன். ஆகவே, "உனக்கு உண்மையான அன்பு இருந்தா நீயே விட்டுக்கொடு" என்று அந்தச் சம்பவத்தைக் காட்டி ஒருவரை மட்டும் மடக்குவது நியாயமல்ல. விட்டுக்கொடுத்தல் இருவர்மேலும் விழுந்த கடமை.

தேசத்தின் சட்டமும் இந்த வழியில்தான் நடக்கிறது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின்படி மைனர் பிள்ளையின் நலனையே நீதிமன்றம் பார்க்க வேண்டும். பிள்ளை வழக்கமாய்க் குடியிருக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். சென்னையிலிருந்து மேல்முறையீடாய்ப் போன ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோருடைய சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்சநீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. நாம் அதை எப்போதோ அறிந்திருக்க வேண்டியவர்கள் அல்லவா? பிள்ளை கர்த்தர் கொடுத்த சுதந்தரம் என்று சாட்சி சொல்லுகிறவர்கள், அவரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்களாயிற்றே!

அப்படியானால் தூரத்தில் இருக்கிற பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? அன்னாளைப் பாருங்கள். அவள் மனமுவந்து கொடுத்தவள். அது வேறு காரியம். ஆனாலும் பிள்ளை சீலோவில், அவளோ ராமாவில். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். யோசித்துப் பாருங்கள், கண்ணால் காணாத பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பது? போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் பத்தாது. எவ்வளவு வளர்ந்திருப்பான், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று அவள் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்திருப்பாள். தூரத்துப் பெற்றோரின் வேலை இதுதான். பிள்ளை எந்த வகுப்பு, யார் சிநேகிதர், எதற்குப் பயப்படுகிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளையைக் கூடவே வைத்திருக்கிறவருக்கும் கடமை உண்டு. அது வழியை அடைக்காமல் இருப்பது. பெற்றோர் வேறு மாநிலத்திலோ வேறு தேசத்திலோ இருக்கிற காரியத்தைக் குறித்து உச்சநீதிமன்றம் 2020-ல் பேசியிருக்கிறது. விசேஷ காரணம் இல்லாவிட்டால், கூட இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிஷம் பிள்ளையோடு பேச உரிமை உண்டு, முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு மிகவும் நல்லது என்றது. தினமும் 10 நிமிஷம்! அந்த நேரம் பார்த்து, "அவன் தூங்கிட்டான்", "டியூஷனுக்குப் போயிட்டா" என்று சொல்லுகிற வாய், ராத்திரியில் பிள்ளையோடே சேர்ந்து எப்படி ஜெபிக்கும்?

நடைமுறையில் மூன்று காரியங்கள்.

முதலாவது, பிள்ளை சின்னதாய் இருக்கும்வரை பெரியவர்களே பிரயாணம் செய்யட்டும். வளர்ந்தபின் அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை என்று தேதியை முன்னமே எழுதிக்கொள்ளட்டும். காத்திருக்க ஒரு தேதி இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடித்தால் ஏங்கிப்போகும்.

இரண்டாவது, பணத்தையும் பார்வையையும் முடிச்சுப்போடாதிருங்கள். "காசு அனுப்பல, பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பதும், "பிள்ளையைக் காட்டல, காசு அனுப்ப மாட்டேன்" என்பதும் ஒரே பாவத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பசித்திருப்பது பிள்ளைதான்.

மூன்றாவது, "அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா" என்று பிள்ளையிடம் கேட்காதிருங்கள். விவரம் தெரிந்த வயதானால் அதன் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. வீட்டில் சித்தியும் மாமாவும் சபையில் ஞாயிறு பள்ளி டீச்சரும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பிள்ளை யாராவது ஒருவரைத் தன் வாயால் தள்ளியாக வேண்டும்.

ஒரு எச்சரிப்பும் உண்டு. அடி உதை இருந்த வீட்டில், பிள்ளைக்கு ஆபத்து இருக்கிற இடத்தில், "மன்னிச்சு அனுப்புங்க" என்று சபை நெருக்கக் கூடாது. மன்னிப்பு வேறு, பாதுகாப்பு வேறு. அங்கே நீதிமன்றம் சொல்லுகிற காவலோடுதான் சந்திப்பு நடக்க வேண்டும்.

பிரியமானவர்களே, நம் சபையிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதுபட ஒருவரைக் குற்றவாளியாக்கிப் பேசாதிருப்போம். விடுமுறையில் தூரத்திலிருந்து பார்க்க வருகிற தகப்பனுக்கோ தாய்க்கோ நம் வீட்டில் ஒரு பாயும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுப்போம். பிரிந்துபோன இருவரைச் சேர்க்க நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெற்றோரும் உண்டு என்பதைக் காத்துக்கொடுக்க நம்மால் முடியும். கர்த்தர் அந்தக் கிருபையை நமக்குத் தருவாராக. ஆமென்.